எழுபது எழுத்து ஆறுதல்

காலை ஆறு நாற்பதுக்கு என் செல்போன் கேட்கும்: “அப்பா, இன்று மனசு எப்படி இருக்கிறது?”

கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. ரேஷன் கடையில் ஒருத்தர் மட்டும் கிட்டத்தட்டக் கேட்டார். கைரேகை மெஷினில் நான் நாலாவது தடவையாகக் கட்டைவிரலை அழுத்திக்கொண்டிருந்தபோது, “மனசுல இன்னா சார் நெனச்சிக்கினு கீறீங்க?” என்றார். பின்னால் நாற்பது பேர் நின்றிருந்தார்கள். அதை நலம் விசாரிப்பில் சேர்க்க முடியாது.

எனக்கு வீடு கோலார் தங்கவயலில், நந்திதுர்க்கில். தங்கவயல்காரர்களுக்குத் தெரியும், இங்கே மைனுக்கு என்ன பெயரோ அதைச் சுற்றியுள்ள லைன் வீடுகளுக்கும் அதே பெயர். தெற்கே மாரிக்குப்பத்திலிருந்து வந்தால் மைசூர் மைன், சாம்பியன் ரீஃப், உரிகம், அதற்கப்புறம் நாங்கள். லைன் வீடு என்றால் சுவர் பொது. நான் தும்மினால் பக்கத்து வீட்டு அக்கா அந்தப் பக்கத்திலிருந்து “நூறு” என்று வாழ்த்துவார். இரண்டாவது தடவை தும்மினால் “மாத்திரை போட்டியா தம்பி?” என்பார். இப்படிப்பட்ட வீட்டில் ஒரு மனுஷன் ரகசியமாகத் தோற்கக்கூட முடியாது.

எங்கள் நைனாவுக்கு எண்பத்தெட்டு வயசு. நந்திதுர்க் மைனில் முப்பத்தைந்து வருஷம் அண்டர்கிரவுண்ட். பாதி நுரையீரலைக் கல்தூசிக்குக் கொடுத்துவிட்டு மீதிப் பாதியில் மூச்சு விடுகிறார். நாலு வருஷமாக மறதி நோயும் சேர்ந்துகொண்டது. தங்கச் சுரங்கம் மூடியது 2001 பிப்ரவரி 28. அது எனக்குத் தெரியும், ஊருக்குத் தெரியும், டெல்லிக்குத் தெரியும். நைனாவுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. சொன்னாலும் அவர் ஒப்புக்கொள்வதில்லை.

ராத்திரி மூணு மணிக்கு எழுந்து உட்கார்ந்து, “சங்கு ஊதிட்டாங்க, டோக்கன் எங்கடா?” என்பார். ஆரம்பத்தில் நான் நியாயம் பேசினேன். “நைனா, மைன் மூடி இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு.”

“யார் சொன்னது?”

“கவர்ன்மென்ட்டு.”

“யூனியன்ல கேட்டியா?”

இதற்கு என்னிடம் பதில் இல்லை. சரி, மனுஷர் கேட்பது ஒரு டோக்கன்தானே என்று ஐந்து ரூபாய் நாணயத்தைக் கையில் வைத்தேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது என் நம்பர் இல்ல” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். மறுநாள் பால் பவுடர் டப்பா மூடியில் ஆணியால் அவருடைய பழைய நம்பரைக் கீறி, ஓட்டை போட்டு, கயிறு கட்டி நீட்டினேன். வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு படுத்துத் தூங்கிவிட்டார். நான் அந்தக் காலத்தில் டைம் ஆபீஸில் குமாஸ்தா. அண்டர்கிரவுண்டுக்குள் ஒரு தடவைகூடக் கால் வைத்ததில்லை. பதினெட்டு வருஷம் டைம் ஆபீஸில் உட்கார்ந்ததற்கு உருப்படியாக நடந்த வேலை இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து மகள் வந்திருந்தாள். அவள் வருகிற ஞாயிறுகளில் எனக்குப் பெருமூச்சு கொஞ்சம் தாராளமாகவே வரும். நாலைந்து விட்டிருப்பேன். அவள் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு, செல்போனைப் பார்த்து வரிசையாகக் கேள்வி கேட்க ஆரம்பித்தாள். தூக்கம் சரியாக வருகிறதா? எரிச்சல் வருகிறதா? சாப்பாடு? முதுகு வலி?

“விஷயங்கள் மறந்துபோகுதாப்பா?”

“என்ன விஷயம்?” என்றேன். அதற்கும் ஒரு டிக் போட்டுக்கொண்டாள்.

கடைசியில் தீர்ப்பு வந்தது. “அப்பா, உங்களுக்குக் கேர்கிவர் ஸ்ட்ரெஸ். வீட்ல நோயாளியைப் பாத்துக்கிறவங்களுக்கு வர்றது.”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. சர்க்கரை, பி.பி. எல்லாம் இந்த ஊரில் எல்லாரிடமும் இருக்கிறது. இது நந்திதுர்க்கில் எனக்குத்தான் முதலில். கொல்லைப்பக்கம் ஓடி மனைவியிடம் சொன்னேன். அவள் நைனாவின் ஈரப் போர்வையைப் பிழிந்துகொண்டிருந்தாள். “அப்படிங்களா? இந்தப் பக்கம் கொஞ்சம் பிடிங்க” என்றாள். பிடித்தேன். படித்தவர்களுக்குப் புரிகிற வியாதி அவளுக்கெங்கே புரியப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

மருந்து என்னவென்றால் குறுஞ்செய்தியாம். நான் சிரித்தேன். மகள் சிரிக்கவில்லை. சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழு 537 ஆண்களை வைத்து ஆராய்ச்சி செய்ததாம். எல்லாரும் சர்க்கரை நோயின் வாசல்படியில் நின்றவர்கள். பாதிப் பேருக்கு நட, எண்ணெயைக் குறை என்று செல்போனில் செய்தி போய்க்கொண்டே இருந்தது. இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால், செய்தி வராதவர்களில் 27 சதவீதம் பேருக்குச் சர்க்கரை வந்துவிட்டது. செய்தி வந்தவர்களில் 18 சதவீதம்தான். 2013-இல் லான்செட் பத்திரிகைக் குழுமம் அதை வெளியிட்டிருக்கிறது.

“அது சர்க்கரைக்குடி. எனக்கு மனசு.”

அதற்கும் வைத்திருந்தாள். நூரா ஹெல்த் என்று ஒரு அமைப்பு. ஸ்டான்ஃபோர்டில் படித்த சிலர் வகுப்புப் பாடமாக ஆரம்பித்து, நம் கர்நாடகத்தில் நாராயணா மருத்துவமனையில் முதலில் நடத்திப் பார்த்தார்கள். நோயாளியோடு கூட வந்து வராந்தாவில் உட்கார்ந்திருக்கிற வீட்டு ஆட்களைக் கூப்பிட்டு, கட்டை எப்படிப் பார்ப்பது, எப்போது பயப்படுவது, எப்போது பயப்படக் கூடாது என்று சொல்லிக்கொடுப்பார்கள். வீட்டுக்குப் போன பிறகும் வாட்ஸ்ஆப்பில் செய்தி வரும், சந்தேகமும் கேட்கலாம். இது தவிர, மனசு ரொம்பக் கனத்தால் அரசாங்கத்தின் டெலி மானஸ் இருக்கிறது. 2022 அக்டோபர் 10-ஆம் தேதி தொடங்கியது, எண் 14416, காசு கிடையாது, தமிழிலும் பேசலாம், பெங்களூர் நிம்ஹான்ஸ்தான் அதற்குத் தலைமை. அந்த எண்ணைக் காலண்டரில் எழுதி ஒட்டினாள்.

“உங்களுக்கு நானே தினமும் அனுப்புறேன்ப்பா” என்றாள். முகத்தைப் பார்த்தால் மறுக்க மனசு வரவில்லை. அதுவுமில்லாமல், வியாதி நமக்கு, பாடுபடுவது அவள். நல்ல ஏற்பாடுதானே?

என்னுடையது பட்டன் போன். அதில் வாட்ஸ்ஆப் கிடையாது. முதல் செய்தி தமிழில் வந்தது. திறந்தால் வரிசையாகச் சின்னச் சின்னக் கட்டம். ஆறுதல் சொல்ல எனக்கு ஒரு பாண்டியாட்டம் அனுப்பியிருக்கிறாள் என்று நினைத்தேன். போனுக்குத் தமிழ் தெரியாது என்று கண்டுபிடிக்க மூணு நாள் ஆயிற்று.

உடனே இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அனுப்ப ஆரம்பித்தாள். நாலாம் நாள் மத்தியானம் இரண்டு மணிக்கு ஒன்று வந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தேன்: “அப்பா, தாத்தா பக்கத்தில் கொஞ்சம் பாடுங்க.”

வினோதமாகத்தான் இருந்தது. ஆனால் மறதிக்காரர்களுக்குப் பாட்டு நல்லது என்று அவளே ஒரு தடவை சொல்லியிருந்தாள். நான் கடைசியாகப் பாடியது பள்ளிக்கூடத்தில், அதுவும் வாத்தியார் போதும் என்கிறவரைக்கும்தான். இருந்தாலும் வைத்தியம் என்று வந்துவிட்டால் வெட்கம் பார்க்க முடியுமா? கட்டில் பக்கத்தில் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, பழைய சினிமாப் பாட்டு ஒன்றை உச்ச ஸ்தாயியில் எடுத்தேன். தூங்கிக்கொண்டிருந்த நைனா பதறி எழுந்து, “யாருக்கு அடி? எத்தனாவது லெவல்?” என்றார். பக்கத்து வீட்டு அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஓடி வந்தார். வாசலில் ஐந்து பேர் கூடிவிட்டார்கள். “பெரியவரு எப்ப போனாரு?” என்று அதில் ஒருவர் என்னிடம் மெதுவாகக் கேட்டார். என் குரலை ஒப்பாரி என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சாயந்திரம் மகளைக் கேட்டேன். “பாடுங்கன்னு யாருப்பா சொன்னது? படுங்கன்னு அனுப்பினேன்!” இங்கிலீஷ் எழுத்தில் எழுதினால் படுங்கவும் பாடுங்கவும் ஒன்றுதான். அந்தப் பாஷைக்காரர்கள் எப்படித்தான் இத்தனை நாள் குடும்பம் நடத்துகிறார்களோ.

அடுத்த ஞாயிறு எனக்குத் தமிழ் தெரிந்த ஒரு போன் வந்தது. அப்போதுதான் இன்னொரு சமாச்சாரம் தெரிந்தது. 1985-இல் ஜெர்மனியில் ஃப்ரீட்ஹெல்ம் ஹில்லபிராண்ட் என்ற தொலைத்தொடர்பு நிபுணர் டைப்ரைட்டர் முன் உட்கார்ந்து, தோன்றியதையெல்லாம் வாக்கியமாக அடித்து எண்ணிப் பார்த்தாராம். மனுஷனுக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் 160 எழுத்துக்குள் அடங்கிவிடுகிறது என்று கண்டாராம். 160 என்றே வைத்துவிட்டார்கள். 1992 டிசம்பர் 3-ஆம் தேதி இங்கிலாந்தில் முதல் செய்தி போனபோது அதில் இருந்தது வெறும் கிறிஸ்துமஸ் வாழ்த்து. அவர்களுக்கு அது போதும். நமக்குப் போதுமா? கல்யாணப் பத்திரிகையில் சித்தப்பா பெயர் போடும் இடத்துக்கே 160 பற்றாது.

அதிலும் தமிழுக்கு 160 கிடையாது. ஒரு செய்தி என்பது மைனுக்குள் ஆட்களை ஏற்றி இறக்குகிற சின்னக் கேஜ் மாதிரி, உள்ளே 140 பைட்டுக்குத்தான் இடம். இங்கிலீஷ் எழுத்துகள் ஒடுங்கி நின்று 160 பேர் ஏறிவிடுவார்கள். தமிழ் எழுத்து ஒவ்வொன்றுக்கும் இரண்டு பைட் வேண்டும். ஆகவே எழுபதோடு கதவைச் சாத்திவிடுவார்கள். அதற்கு மேல் போனால் அடுத்த கேஜ், அடுத்த காசு. இதில் புள்ளிக்குத் தனி டிக்கெட், துணைக்காலுக்குத் தனி டிக்கெட். ‘அப்பா’ நமக்கு மூணு எழுத்து, போன் கணக்கில் ஐந்து. ‘கவலைப்படாதீர்கள்’ என்று சொல்லவே பதினாறு போய்விடுகிறது. என் மகள் கெட்டிக்காரி. கவலையை விட்டுவிட்டு, “மூச்சு இழு. விடு.” என்று அனுப்ப ஆரம்பித்தாள். மரியாதைக்கு எழுத்து மிச்சமில்லை.

வருவதாவது நேரத்துக்கு வருகிறதா? எங்கள் லைனில் சிக்னல் கிடைப்பது கொல்லைப்பக்கத் துவைக்கிற கல்லின் மேல் ஏறி நின்றால்தான். 1965-இல் இதே தங்கவயலில், சாம்பியன் ரீஃப் மைனில் இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே, டாடா ஆராய்ச்சி நிலையத்துக்காரர்களும் ஜப்பான், இங்கிலாந்து விஞ்ஞானிகளும் கருவியை வைத்து நியூட்ரினோவைப் பிடித்தார்கள். பூமியையே துளைத்துக்கொண்டு போகிற, கண்ணுக்கும் கைக்கும் அகப்படாத துகள் அது. அது வந்து சேர்ந்துவிட்டது. நூறு கிலோமீட்டரில் இருக்கிற பெங்களூரிலிருந்து “தண்ணீர் குடித்தீர்களா” வந்து சேரவில்லை. சில நாள் ஏழெட்டுச் செய்தி மொத்தமாக ராத்திரி பதினொன்றரைக்கு இறங்கும். “காலை வெயிலில் பத்து நிமிடம் நில்லுங்கள்” என்று அதில் ஒன்று. வாசலுக்குப் போய் நின்று பார்த்தேன். நாய் குரைத்தது.

ஒரு நாள் “வெளியே போய்க் காற்றாட உட்காருங்கள்” என்று வந்தது. நந்திதுர்க்கில் காற்றாட உட்கார எங்கே போவது? சயனைட் மேட்டுப் பக்கம் போனேன். நூறு வருஷமாகப் பொன்னைப் பிரித்தெடுத்துவிட்டுக் கொட்டிய மண், மலை மலையாக நிற்கிறதே, அதுதான். போன நேரம் ஆடிக் காற்று. பத்து நிமிஷத்தில் மனசு லேசாயிற்றோ இல்லையோ, மேட்டில் பாதி என் தலையில் ஏறிவிட்டது. வீட்டுக்கு வந்தபோது தலை முதல் கால் வரை ஒரே சாம்பல் நிறம். மனைவி கதவைத் திறந்து, “இன்னாங்க, பழனிக்கா போனீங்க?” என்றாள். “பிரசாதம் எங்க?” என்றது சுவருக்கு அந்தப் பக்கத்துக் குரல்.

எல்லாவற்றிலும் மோசம் நம்பர் பதில். “அழுத்தம் எவ்வளவு? 1 முதல் 5 வரை ஒரு எண் அனுப்பவும்.” முதல் நாள், வியாதிக்காரனுக்குக் குறைச்சல் எதற்கு என்று 5 அனுப்பினேன். அரை மணி நேரத்தில் பெங்களூரிலிருந்து அக்காவுக்குப் போன் வந்து, அக்கா ஓடி வந்து, என் நாடியைப் பிடித்து, எலுமிச்சம்பழத்தைத் தலையைச் சுற்றிப் போட்டார். மறுநாள் பயந்து 1 அனுப்பினேன். “அப்பா, மனசுக்குள்ளயே வெச்சுக்காதீங்க” என்று மகள் அழுதாள். அதற்கப்புறம் தினமும் 3. மூணு என்றால் யாரும் ஓடி வருவதில்லை, யாரும் அழுவதில்லை.

இப்படியே மூணு மாசம். இதற்கிடையில் எங்கள் வீட்டில் ஒரு சத்தம் இருந்தது. அதைச் சொல்லியாக வேண்டும். சமையலறையில் என் மனைவி குண்டானைக் கரண்டியால் அடிப்பாள். ணங் என்று ஒரு அடி. சில நேரம் இரண்டு. சில நேரம் மூணு. முப்பத்தாறு வருஷக் குடும்பஸ்தனுக்குப் பாத்திரச் சத்தத்தின் அர்த்தம் சொல்லித்தர வேண்டுமா? கோபம். ஒரு ணங் என்றால் சாதாரணக் கோபம், இருக்கிற இடத்திலேயே அடக்கமாக இருப்பேன். மூணு ணங் என்றால் மூணு மடங்கு. செருப்பை மாட்டிக்கொண்டு ஆண்டர்சன்பேட்டைக்கு டீ குடிக்கப் போய்விடுவேன். நைனாவும் கைத்தடியால் கட்டில் காலைத் தட்டிக்கொண்டே இருப்பார். வயசானவர், கை சும்மா இருக்காது என்று விட்டுவிட்டேன்.

போன மாசம் பங்காருப்பேட்டையில் என் மச்சினியின் பேத்திக்குக் காதுகுத்து. மனைவி கிளம்பினாள். “ஒரே ராத்திரிதாங்க. மாமாவைப் பாத்துக்குங்க.” “மூணு மாசமா அதுக்குத்தானே பயிற்சி எடுக்கிறேன்” என்றேன். அவள் ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள்.

ராத்திரி இரண்டு மணி. டொக், டொக், டொக். நைனா கட்டில் காலைத் தட்டினார். நான் புரண்டு படுத்தேன். மறுபடி டொக், டொக், டொக். எழுந்து போய், “இன்னா நைனா?” என்றேன். பேசவில்லை. சமையலறைப் பக்கம் காது கொடுத்தபடி காத்திருந்தார். தண்ணீர் கேட்கிறாராக்கும் என்று இருட்டில் சமையலறைக்குள் போய்த் துழாவினேன். கை பட்டுக் குண்டான் மேடையிலிருந்து விழுந்து, துள்ளி மறுபடி விழுந்தது. ணங். ணங்.

திரும்பி வந்து பார்த்தால் நைனா கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, நிதானமாக, ஒழுங்காக, தரையில் இறங்கி உட்கார்ந்துகொண்டிருந்தார். “இறங்கியாச்சு” என்றார்.

தூக்கிப் பார்த்தேன். நாற்பத்தெட்டுக் கிலோ மனுஷர், பாறை மாதிரி கனத்தார். அசையவில்லை. அசையவும் மாட்டேன் என்கிறார். அப்போது சுவர் பேசியது. “தம்பி, ரெண்டு அடிச்சியே, இறக்கிட்டாரா?”

“இறங்கிட்டாருக்கா. ஏற மாட்டேங்கிறாரு.”

“ரெண்டு அடிச்சா இறங்கத்தானே செய்வாரு? ஒண்ணு அடி. ஒண்ணு அடிச்சாத்தான் மேல வருவாரு. ஆளு ஏறணும்னா முதல்ல மூணு அடிச்சாரே, நீ திருப்பி மூணு அடிச்சியா?”

எனக்கு அப்போதுதான் மண்டையில் பல்ப் எரிந்தது. கேஜை ஏற்றி இறக்குகிற வைண்டிங் இன்ஜின் டிரைவருக்கு ஷாஃப்டுக்குள் நடப்பது எதுவும் கண்ணுக்குத் தெரியாது. மணிதான் அவருக்குச் சேதி. கேஜ் நிற்கும்போது ஒரு மணி அடித்தால் மேலே தூக்கு. ஓடும்போது ஒரு மணி என்றால் நிறுத்து. இரண்டு என்றால் இறக்கு. மூணு என்றால் ஆள் ஏறப்போகிறது. கீழே மூணு அடித்ததும் மேலேயிருந்து திருப்பி மூணு அடிப்பார்கள். அந்தப் பதில் வராமல் ஒருத்தரும் கேஜில் கால் வைக்கக் கூடாது. நைனா முப்பத்தைந்து வருஷம் உயிரோடு வீட்டுக்கு வந்தது அந்த மணியை நம்பித்தான். எத்தனை பிள்ளை, யார் மருமகள் என்பதெல்லாம் அவருக்கு மறந்துபோயிற்று. மணிக்கணக்கு மறக்கவில்லை.

என் மாமனார் வைண்டிங் இன்ஜின் டிரைவர். பக்கத்து வீட்டு அக்காவின் வீட்டுக்காரர் ஷாஃப்ட் வாசலில் மணி அடித்தவர். வீட்டில் இரண்டு பேரும், சுவருக்கு அந்தப் பக்கம் ஒருத்தரும் சரளமாகப் பேசிக்கொண்டிருந்த ஒரு பாஷை, டைம் ஆபீஸ் குமாஸ்தாவுக்கு மட்டும் தெரியவில்லை. நைனா மூணு தட்டினால் பாத்ரூம் போக வேண்டும், கைத்தாங்கலுக்கு ஆள் வேண்டும் என்று அர்த்தம். மனைவி குண்டானில் மூணு அடித்தால் “தெரிஞ்சுதுங்க மாமா, வர்றேன்” என்று பதில். நான் சரியாக அந்த நேரம் பார்த்துச் செருப்பை மாட்டியிருக்கிறேன்.

கரண்டியை எடுத்து ஒரு அடி அடித்தேன். ணங். நைனா இரண்டு கையையும் நீட்டினார். காலை ஊன்றி உந்தினார். சின்னப் பையன் மாதிரி லேசாக மேலே வந்துவிட்டார். பாத்ரூமுக்கு மட்டும் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. போர்வையை நானே பிழிந்தேன். ஒரு ஆள் பிழிகிற போர்வை இல்லை அது. முழங்கையெல்லாம் தண்ணீர் வழிய நிற்கும்போது பைக்குள் போன் நடுங்கியது. பகலில் கிளம்பின செய்தி, இரண்டே முக்காலுக்கு வந்து சேர்ந்திருந்தது. “அப்பா, நீங்கள் மிக நன்றாகச் செய்கிறீர்கள்.”

மறுநாள் மனைவி வந்தாள். நான் சொல்வதற்கு முன்னால் சுவர் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தது. ஆகவே அவள் என்னை ஒன்றும் கேட்கவில்லை. காதுகுத்துச் சேதி சொல்ல மகளுக்குப் போன் போடலாம் என்று என் போனை எடுத்தாள். விரல் எங்கோ பட்டு, மூணு மாசத்துச் செய்தியும் திறந்துகொண்டது. முதல் தடவையாகப் படிக்கிறாள். சத்தமாகவே படித்தாள்.

“‘இன்று முதுகுக்கு ஓய்வு கொடுங்கள்.’ யாரு முதுகுக்குங்க?”

நான் காலண்டரைப் பார்த்தேன்.

“‘நீங்களும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.’” அவள் பேசாமல் அடுத்ததற்குப் போனாள். “‘ராத்திரி எத்தனை தடவை எழுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.’”

அங்கே நின்றுவிட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு இருமல் கேட்டது. மனைவி போனை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள், நைனா அந்த ஐந்து ரூபாயைப் பார்த்த மாதிரியே. என் கையில் திருப்பி வைத்தாள்.

“இது உங்க நம்பர் இல்லீங்க” என்றாள்.

உலகம் முழுக்க வீட்டு நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிறவர்களில் பெண்கள்தான் அதிகம் என்று மகள் பிறகு சொன்னாள். இதைக் கண்டுபிடிக்க உலகம் முழுக்கப் போவானேன், எங்கள் கொல்லைப்பக்கம் வந்தால் போதும். அவளுக்கே வெட்கமாகிவிட்டது. “பெருமூச்சு விட்டது நீங்கப்பா, அதான் உங்களுக்குன்னு நெனச்சிட்டேன்” என்றாள். அம்மா பெருமூச்சு விடுவதில்லை, நேரம் இருந்தால்தானே விடுவதற்கு. அன்றைக்கே செய்திகளை அம்மாவின் நம்பருக்கு மாற்றினாள். 1 முதல் 5 வரை ஒரு எண் அனுப்பச் சொன்னதற்கு மனைவி 6 என்று அனுப்பினாள். “தண்ணீர் குடித்தாயா அம்மா?” என்று வந்ததற்கு, “குடிக்கிறது இருக்கட்டும், பிடிக்க ஆள் அனுப்பு” என்று பதில் போட்டாள். நாலு நாளைக்கு ஒரு தடவை குழாயில் தண்ணீர் வருகிற ஊரில் இது நியாயமான பதில்.

அதிலிருந்து எனக்கு வருகிற செய்தியின் குணம் மாறிவிட்டது. “தண்ணி பிடிச்சாச்சா? ஆச்சுன்னா 1.” “தாத்தா போர்வை காய்ந்ததா? 1.” “அம்மா மத்தியானம் படுத்தாங்களா? 1.” இதில் படுத்தாங்களா என்பதில் சந்தேகமே கிடையாது. எழுபது எழுத்தில் பாதிகூடச் செலவாகவில்லை. ஹில்லபிராண்ட் சொன்னது சரிதான், மனுஷனுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். மனைவியின் நம்பர் ஆறிலிருந்து நாலுக்கு வந்திருக்கிறது. என் நம்பரை இப்போது யாரும் கேட்பதில்லை. பெருமூச்சும் முன் மாதிரி வருவதில்லை, இரண்டு கையிலும் குடம் இருக்கும்போது மூச்சே ஒழுங்காக வருவதில்லை.

ராத்திரி நைனா மூணு தட்டினால் இப்போது நான்தான் எழுகிறேன். வாரத்தில் நாலு நாள். மிச்ச நாள் நான் எழுவதற்குள் குண்டான் பதில் சொல்லிவிடுகிறது. கரண்டியை என் தலைமாட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். “முதல்ல கணக்கு ஒழுங்கா வரட்டும்” என்றாள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே சமையலறையிலிருந்து ஒரு ணங். ஒரே ஒரு அடி. ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்து, சும்மா நின்றுகொண்டிருந்தால் எழுந்திரு. நான் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறேனா, சும்மா இருக்கிறேனா? எழுத்தாளன் என்கிற முறையில் ஓடிக்கொண்டிருக்கிறேன் என்றுதான் நினைக்கிறேன். எதற்கும் கேட்டுவிடலாம் என்று குரல் கொடுத்தேன்.

“ரெண்டும்தாங்க” என்றாள்.